வலது பக்கப் பொத்தான்

எங்கள் வீட்டில் கல்லூரி வரை படித்தவள் நான்தான். என் பழைய போனை நானே ‘ரூட்’ செய்தேன். அதாவது, கம்பெனி பூட்டி வைத்திருக்கும் முழு அதிகாரத்தையும் திறந்துகொண்டேன். அப்படிப்பட்ட போனில் வங்கி ஆப் திறக்காது என்பதால், அதற்குத் தெரியாமல் ரூட்டை மறைத்தும் வைத்தேன். நெய்வேலி சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் அப்பாவின் சம்பளக் கணக்கு அதில்தான் இருந்தது.

பகலில் அந்த போனில் அம்மா சீரியல் பார்ப்பார். போன வாரம் எதேச்சையாகப் பார்த்தபோது, நான் போடாத ஒரு டார்ச் ஆப்புக்கு ரூட் அனுமதி தரப்பட்டிருந்தது. அந்த அனுமதி இருந்தால் அது வங்கி ஆப் உட்பட போனில் எதற்குள்ளும் நுழையலாம்.

“யாரும்மா இதுக்கு அனுமதி குடுத்தது?”

“நீதானடி சொன்ன, எது கேட்டாலும் வலது பக்கம் அமுக்குன்னு. சீரியல் நடுவுல ஏதோ விளம்பரம் வந்து கேட்டுகினே இருந்துச்சு, ஒவ்வொரு தடவையும் அமுக்கிட்டேன்.”

படிக்கத் தெரியாத அம்மாவுக்கு அந்தக் குறுக்குவழியைச் சொல்லிக்கொடுத்தவள் நான். எச்சரித்திருக்க வேண்டிய வங்கி ஆப்பின் கண்ணைக் கட்டியவளும் நான். நல்லவேளை, பணம் போகவில்லை. ரகசிய எண்களை மாற்றினேன். போனை முழுக்க அழித்து, கம்பெனி மென்பொருளையே திரும்பப் போட்டேன்.

இப்போது போன் எதைக் கேட்டாலும் அம்மா என்னைக் கூப்பிடுகிறார். அலுப்பாக இருந்தாலும் எழுந்துபோய், அதை வாசித்துக் காட்டி, பிறகுதான் அமுக்கச் சொல்கிறேன்.