சாப்பாடு வைக்கிறவரின் கையெழுத்து

"தூங்க வச்சிடுங்க டாக்டர்" என்றுதான் வருகிறவர்கள் கேட்பார்கள். டாக்டர் உடனே திருத்துவார். "தூங்கினா எழுந்துக்கும். இது எழுந்துக்காது. என்ன கேக்கறீங்கன்னு தெரிஞ்சு கேளுங்க." இருபத்திரண்டு வருடமாக நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிற பெண்மணி அவர். இதமாகப் பேசத் தெரியாதவர் என்று பெயர் வாங்கியிருந்தார். அது பொய்யான பெயரும் அல்ல.

அவர் தனக்கென்று ஒரு விதி வைத்திருந்தார். சாக ஊசி போட வேண்டுமானால், கொண்டுவருகிறவரின் கையெழுத்து மட்டும் போதாது. தினமும் அந்தப் பிராணிக்குச் சாப்பாடு வைக்கிறவரும் நேரில் வந்து போட வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், கணவர் ஒருவர் கொண்டுவந்த பூனைக்கு ஊசி போட்டுவிட்டார். அரை மணி கழித்து மனைவி பால் கிண்ணத்தோடு வாசலில் வந்து நின்றார். அன்று பிறந்த விதி அது.

அன்று காலை ஒருவர் பதினான்கு வயது நாயைப் போர்வையில் சுற்றித் தூக்கி வந்தார். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன, வாயெல்லாம் புண். நாலு நாளாக அவர்தான் டிரிப்ஸுக்கும் தூக்கி வந்துகொண்டிருந்தார். தேறவில்லை.

"சாப்பாடு யாரு வைக்கிறது?"

"தங்கச்சி. தையல் கடை வச்சிருக்கா. அவளுக்குத் தெரிஞ்சா விடமாட்டா. அதான் சொல்லாம கொண்டு வந்தேன்."

"கூப்பிடுங்க."

"நீங்க வேற டாக்டர். அவ வந்தா முதல் ஊசி எனக்குத்தான் போடச் சொல்வா."

கம்பவுண்டர் சிரிப்பை மறைக்க மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தங்கை கழுத்தில் அளவு நாடாவோடு வந்து சேர்ந்தார். "காலையில கூட என் கையால ரெண்டு பிஸ்கட் வாங்கித் தின்னான். திங்கிற பிள்ளைய யாராவது சாகக் குடுப்பாங்களா? நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"அண்ணன் போட்டாரே, அது போதும் மேடம்" என்று கம்பவுண்டர் டாக்டரிடம் மெல்லச் சொன்னார்.

டாக்டர் அண்ணன் கையெழுத்துப் போட்ட படிவத்தைப் பார்த்தார். தங்கையை மீறினால் இன்னொரு பால் கிண்ணம். மீறாவிட்டால் நாய் இன்னும் சில நாள் வலியில் கிடக்கும். அவருடைய விதிக்கு நாயின் வலியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"இப்ப ஒண்ணு குடுங்க, நானும் பாக்கறேன்" என்றார்.

தங்கை பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். நாய் சிரமப்பட்டுத் தலையைத் தூக்கி வாங்கிக்கொண்டது.

"பாத்தீங்களா?"

"கொஞ்சம் இருங்க."

ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடமும் போயிற்று. நாய் மெல்லவில்லை. பிஸ்கட்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தங்கையையே பார்த்தது. வாயோரம் எச்சிலோடு ரத்தம் கசிந்தது.

"காலையில குடுத்ததும் போர்வைக்குள்ளதான் ஊறிக் கிடந்துச்சு" என்றார் அண்ணன். "நான்தான் உதறிப் போட்டேன். உன்கிட்ட சொல்ல வாய் வரல."

தங்கை புண்ணில் படாமல் விரலை விட்டுப் பிஸ்கட்டை வெளியே எடுத்தார். "எனக்காகவாடா வாங்கிக்கிட்ட?" என்றார். நாய் அப்படி நினைத்ததா என்று டாக்டருக்குத் தெரியாது. தெரியாததை அவர் சொல்லவும் இல்லை. படிவத்தை நீட்டினார். தங்கை போட்டார்.

"முதல் ஊசியில வலி தெரியாமப் போயிடும். அடுத்ததுல இதயம் நின்னுடும். கண்ணு திறந்தேதான் இருக்கும், பயந்துடாதீங்க."

தங்கை நாயின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே இருந்தார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, "போயிட்டான்" என்றார்.

"நான் தாமதம் பண்ணிட்டேனா டாக்டர்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கம்பவுண்டர் அதைத்தான் எதிர்பார்த்தார்.

"ரெண்டு நாள்" என்றார் டாக்டர். "அதுல என் பங்கும் இருக்கு. டிரிப்ஸ் போட்ட முதல் நாளே உங்கள வரச் சொல்லியிருக்கணும்."

தங்கை தலையசைத்தார். ஆறுதல் அடைந்ததாகத் தெரியவில்லை. அண்ணன் போர்வையை மூடினார். இருவருமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.