வலக் கன்னத்துக்கு ஜாதிக்காய், இடக் கன்னத்துக்கு டியூப்

என் முகத்தில் மங்கு விழுந்து பல வருஷமாகிறது. இரண்டு கன்னத்திலும் சட்டிக் கரி ஒட்டிய மாதிரி இருக்கும். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டேன். ஆனால் என் கடைசி மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அவளைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தார்கள். தாய்க்கு இருக்கிற சீக்கு நாளைக்குப் பெண்ணுக்கும் வருமோ என்று தரகரிடம் கேட்டார்களாம். அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது. மகள் வழக்கம்போல பெரம்பலூர் துணிக்கடை வேலைக்கு பஸ் ஏறினாள். நான்தான் மங்குக்கு மருந்து கேட்டு அலைந்தேன்.

செந்துறையில் இருக்கிற என் அக்கா, ஜாதிக்காயைப் பாலில் இழைத்துப் போடச் சொன்னாள். மெடிக்கலில் கேட்டதற்கு ஒரு டியூபைக் கொடுத்தார்கள். எது கேட்கும் என்று யாருக்குத் தெரியும்? வெங்காயக் கொல்லையில் ஒரு பாத்திக்கு ஒரு உரம், அடுத்த பாத்திக்கு வேறு உரம் போட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி வலக் கன்னத்துக்கு ஜாதிக்காய், இடக் கன்னத்துக்கு டியூப் என்று வைத்துக்கொண்டேன். அக்கா வந்து பார்த்துச் சிரித்தாள்.

“என்னடி, ஒரு பக்கம் அமாவாசை, ஒரு பக்கம் பௌர்ணமியா?”

டியூப்தான் ஜெயித்தது. உடனே முகம் முழுக்கப் பூசினேன். பூசிக்கொண்டே வெங்காயம் பிடுங்கவும் போனேன். வெயில் ஆகாது என்று யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் முகம் சிவந்து வேர்க்குரு மாதிரிப் பொரிந்தது. பூசாமல் விட்டால் எரிந்தது, பூசினால் அடங்கியது. பிறகு பூசினாலும் அடங்கவில்லை. மங்கு முன்னைவிடக் கறுப்பாகத் திரும்பி வந்தது. அதற்குள் ஆலத்தியூரிலிருந்து ஒரு இடம் வருகிறது என்று தரகர் சொல்லிவிட்டார்.

பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா டியூபைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் ஸ்டீராய்டு இருக்கிறது, டாக்டரைக் கேட்காமல் முகத்துக்குப் போடலாமா என்றார். வேறு களிம்பு எழுதி ராத்திரி மட்டும் போடச் சொன்னார். பகலில் வெயிலுக்கென்று ஒரு கிரீம். மாசக்கணக்கில் ஆகும், முழுசாகப் போகும் என்று சொல்ல முடியாது, வெயிலில் அலையாதீர்கள் என்றார். கொல்லைக்குப் போகாமல் எப்படிச் சாப்பிடுவது? வெள்ளிக்கிழமை ஆலத்தியூர்க்காரர்கள் வருகிறார்கள், மாசக்கணக்குக்கு நான் எங்கே போவேன்?

அக்கா வீட்டில் போய் இருந்துகொள்கிறேன் என்று மகளிடம் சொன்னேன்.

“நீ ஒளிஞ்சா சீக்குன்னே முடிவு பண்ணிடுவாங்கம்மா. தாம்பாளத்த நீதான் எடுத்துட்டு வரணும்” என்றாள்.

வெள்ளிக்கிழமை தாம்பாளத்தை எடுத்து வந்து நீட்டினேன். மாப்பிள்ளையின் அம்மா தட்டைப் பார்க்கவில்லை.

“மூஞ்சில என்னங்க இது?”

அயலார் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அன்றைக்கு வந்தது.

“மங்குங்க. கண்டதயும் பூசி நானே கெடுத்துக்கிட்டேன். ஒட்டுற சீக்கு இல்லீங்க. எம் பொண்ணுக்கு ஒண்ணும் கெடையாதுங்க.”

அவர் தட்டிலிருந்த குங்குமத்தை எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு என் மகளைக் கிட்டே கூப்பிட்டு, தாடையைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கன்னத்தைப் பார்த்தார். மறு கன்னத்தை அவளே திருப்பிக் காட்டினாள். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, தாம்பாளத்தோடு உள்ளே போய்விட்டேன்.