வடக்குப் பக்கத்து டயர்

என் தங்கச்சி வேலுத்தாயிக்கு இடது வலது தெரியாது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். ஏனென்றால் கோவில்பட்டியில் பொம்பளைகளுக்குக் கார் ஓட்டப் பழக்கிக் கொடுக்கிறவளே அவள்தான்.

"தண்ணி டேங்கு வந்ததும் தெக்க ஒடிங்க மதினி. அந்தா, கெழக்க இருந்து மாடு வருது, பாத்து" என்பாள். பழகுகிறவர்களும் கச்சிதமாக ஒடிப்பார்கள். எங்கள் பக்கத்துப் பேச்சே அப்படி. பந்தியில் "கொஞ்சம் மேக்க தள்ளி உக்காருங்க" என்றால் யாரும் வானத்தைப் பார்த்து முழிப்பதில்லை, தள்ளி உட்காருவார்கள். இடது வலது என்பது சோறு தின்கிற கைக்கும், காலையில் வேறு வேலைக்குப் போகிற கைக்கும் வைத்த பேர். அதற்கு மேல் எங்களுக்கு அதில் அக்கறை கிடையாது.

நாங்கள் பக்கத்துக் கிராமமான இடைசெவல்காரர்கள். நான் எட்டாவதோடு நின்றவள். அவள் பத்தாவதை இரண்டாம் தடவையில் தாண்டினாள். அய்யாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியபோதே பஞ்சரும் அவளே ஒட்டுவாள். தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டப் போனவள், அங்கே லோடு வேன் ஓட்டியவரிடம் ஸ்டீரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டு வந்தாள். ஒட்டிய பெட்டியைவிட ஓட்டிய வேன்தான் அவளுக்குச் சோறு போட்டது. பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினாள். இன்றைக்கு ஊரில் எந்தத் தெருவில் ஒரு பொம்பளை கார் ஓட்டிப் போனாலும், அவள் திசை கேட்டுத் திரும்புகிறாளா என்று நான் பார்ப்பேன். கேட்டால் அது என் தங்கச்சியிடம் பழகியவள்.

அவள் வீட்டுக்காரர் இசக்கிதுரை, அதே தீப்பெட்டி ஆபீஸில் மேஸ்திரி. நல்ல மனுசன். குடி கிடையாது, கைநீட்டம் கிடையாது. யோசனை சொல்வது ஒன்றுதான் கெட்ட பழக்கம். கார் அவருக்குப் பிடிக்கவில்லை. பொண்டாட்டி ஓட்ட, பக்கத்தில் தான் உட்கார்ந்து போவதைக் கடைத்தெரு பார்க்கிறதே என்பது அவர் கவலை. அதை நேராகச் சொல்ல வாய் வராமல் டயரின் மேல் பழியைப் போட்டார். கருவேல முள் குத்தி வண்டி இரண்டு மூன்று தடவை வழியில் நின்றது உண்மைதான்.

"ஞாயித்துக்கிழம கொளத்தூருக்குப் போறோம். என் தங்கச்சி வள்ளிமயில் பிள்ளைக்குக் காதுகுத்து. மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும். வழியில வண்டி நின்னுச்சோ, திங்கக்கிழம கமாலுக்குக் குடுத்துருவேன். சரிதானாட்டி?" என்றார்.

கமால் செருப்புக்கடைக்காரர், இவருடைய கூட்டாளி. வரும்போதெல்லாம் கிடாயைப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி காரின் கதவைத் திறந்து திறந்து மூடிவிட்டுப் போவார்.

"சரி. நிக்காம போயிட்டா இனி விக்கிற பேச்சே எடுக்கப்பிடாது" என்றாள் வேலுத்தாய்.

கார் போனால் அவளுடைய பிழைப்பு போச்சு. பழகிக்கொண்டிருந்த பொம்பளைகள் மறுபடி புருசன்மாரின் பின்சீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இசக்கிதுரை தன் பங்குக்கு ஒரு சாமான் வாங்கி வந்தார். நான்கு டயரிலும் காற்று அடிக்கிற வாயில் திருகி வைக்க நான்கு குட்டி மூடி. முன்னால் கண்ணாடியோரம் வைக்க ஒரு சின்னப் பெட்டி. எந்த டயரில் எவ்வளவு காற்று என்று மூடி சொல்ல, பெட்டியில் நம்பர் தெரியும். குறைந்தால் கீச்சு கீச்சென்று கத்தும். வெயிலில் வைத்தால் தானே சார்ஜ் ஏறிக்கொள்ளும். அதற்கும் முன்னால் பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருந்தார். அது எதற்கும் கத்தாது.

சனிக்கிழமை டயர்களை மாற்றிப் போட உட்கார்ந்தாள் வேலுத்தாய். முன் டயர் சீக்கிரம் தேயும். அதனால் முன்னால் உள்ளதைப் பின்னாலும், பின்னால் உள்ளதை முன்னாலும் போட வேண்டும். கடையில் கொடுத்தால் மிஷின் வைத்து நட்டை முறுக்கிவிடுவார்கள், பிறகு நடுவழியில் எந்தப் பொம்பளையாலும் கழற்ற முடியாது. ஆகவே எப்போதும் வீட்டில்தான். மழை குடித்த கரிசலில் ஜாக்கி வைத்தால் வண்டி மேலே ஏறாது, ஜாக்கிதான் கீழே இறங்கும். உடைந்த கடப்பைக் கல்லை அடியில் கொடுத்துத் தூக்கினாள்.

கார் கிழக்கே பார்த்து நின்றது. வடக்குப் பக்கத்து இரண்டையும் முதலில் எடுத்தாள். முன்னால் கழற்றிய இடத்தில் ஸ்டெப்னியை மாட்டி நிறுத்திவிட்டு, கழற்றியதைப் பின்னால் போட்டு, பின்னால் இருந்ததை முன்னால் கொண்டுவந்து முடித்தாள். நான் முற்றத்தில் சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். நட்டை ஒன்றுவிட்டு ஒன்று எதிரெதிராக முறுக்கினாள். அந்தச் சீர் பார்க்க அழகாக இருந்தது. மனுசர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இன்னும் முறுக்குட்டி" என்றார்.

வேலுத்தாய் கைகழுவிச் சாப்பிட உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கார் மேற்கே பார்த்து நின்றது. முற்றத்துக்குள் வண்டியைத் திருப்பி வைக்கிற அளவுக்கு மட்டும் மனுசருக்கும் ஓட்டத் தெரியும்.

"எதுக்குத் திருப்பி வச்சிருக்கீக?"

"பெட்டிக்கு வெயில் வேண்டாமா? சூரியன் மேக்க போயிருச்சுல்லா."

"சரி, வடக்குப் பக்கம் முடிஞ்சுது. இனி தெக்குப் பக்கம்தான்."

"ஆமா, தெக்குப் பக்கம்தான்" என்றார் அவரும்.

புருசனும் பொண்டாட்டியும் ஒத்துப்போவது அந்த வீட்டில் அபூர்வம். தெற்குப் பக்கத்து இரண்டையும் அதே முறையில் மாற்றினாள். டயரெல்லாம் கரிசல் அப்பிக் கிடந்தது. தேய்ந்ததும் தேயாததும் ஒரே கறுப்பு.

"மூடி மாத்துறது என் வேல. டயரு இடம் மாறிட்டா மூடியும் மாறணும், இல்லன்னா பெட்டி ஒளறும். அட்டையிலயே போட்டிருக்கான். நீ கைய வச்சிராத" என்று சொல்லி, இரண்டு பக்கமும் முன் மூடியைப் பின்னுக்கும் பின் மூடியை முன்னுக்கும் தானே மாற்றினார்.

ஞாயிறு காலை கிளம்பினோம். எட்டயபுரம் தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. எப்போதும்வென்றான் பக்கம் வந்ததும் பெட்டி கோழிக்குஞ்சு போலக் கத்தியது. டிரைவர் பக்கம் பின் டயரில் பத்தொன்பது என்று காட்டியது. முப்பத்துமூன்று இருக்க வேண்டும். வேலுத்தாய் ஓரங்கட்டினாள்.

"நின்னுட்டு பாத்தியா?" என்றார் இசக்கிதுரை. குரலில் காதுகுத்து விருந்தே இருந்தது. அங்கனயே கமாலுக்குப் போன் போட்டார். அவர் எடுக்கவில்லை.

வேலுத்தாய் இறங்கினாள். காரில் சொருகி ஓட்டுகிற குட்டிப் பம்பை எடுத்துப் பின் டயரில் காற்று ஏற்றினாள். மூடியைத் திருகிவிட்டு வந்து பெட்டியைப் பார்த்தோம். பின் டயர் பதினெட்டு. முன் டயர் நாற்பத்தொன்று.

"ஏட்டி, பின்னால ஊதுனா முன்னால வீங்குதே!"

"உங்க பெட்டிதானே. உங்கள மாதிரியே இருக்கு."

"வெளையாடாத. இது கண்ணேறு." பம்பரிலிருந்து எலுமிச்சம்பழத்தை அவிழ்த்து வண்டியைச் சுற்றப் போனார்.

"தம்பி, பழத்துல இருக்கது சாறு. டயருக்கு அது ஆவாது" என்றேன்.

"மதினி, நீங்க சும்மா இருங்க. சாமி விசயம்."

அவர் சுற்றி வருவதற்குள் வேலுத்தாய் முன் டயர் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். அது அமுங்கிக் கிடந்தது. அதில் ஒரு கருவேல முள் ஏறியிருந்தது. அவள் கண் முள்ளின் மேல் இல்லை, நட்டின் மேல் இருந்தது. நட்டு இடுக்கெல்லாம் காய்ந்த கரிசல் அப்படியே அடைத்திருந்தது. எழுந்து மற்றப் பக்கம் போய்ப் பார்த்தாள். அங்கே நட்டெல்லாம் பளபளவென்று இருந்தது.

"அக்கா, இங்கன வா. டிரைவர் பக்கத்து நட்டுல நேத்து யாரு கையும் படல."

"அதெப்பிடிட்டி? நாலும் மாத்துனியே, நான் பாத்தேனே."

"வடக்குப் பக்கம் மாத்துனேன். பொறவு தெக்குப் பக்கம் மாத்துனேன்." சொல்லிவிட்டுப் புருசனைப் பார்த்தாள். "நடுவுல வண்டியத் திருப்புனது யாரு?"

இசக்கிதுரை எலுமிச்சம்பழத்தோடு நின்றார்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கிழக்கே பார்த்து நின்றபோது வடக்கே இருந்த பக்கம், மேற்கே பார்த்துத் திரும்பியதும் தெற்கே வந்துவிட்டது. ஒரே பக்கத்து டயர்களை இரண்டு தடவை மாற்றியிருக்கிறாள். முதல் தடவை இடம் மாறியவை, இரண்டாம் தடவை பழைய இடத்துக்கே போய்விட்டன. டிரைவர் பக்கத்தைத் தொடவே இல்லை. ஒரு நாள் முழுக்க வேலை பார்த்து, எந்த டயரும் ஓரங்குலம்கூட நகரவில்லை. இடம் மாறியது மூடி மட்டும். அதனால்தான் முன் டயரின் காற்றைப் பெட்டி பின் டயர் பேரில் காட்டியிருக்கிறது.

"மூடி மாத்துனது யாரு?" என்றாள் அடுத்து.

"அட்டையில போட்டிருந்தான்" என்றார் மெதுவாக.

அந்த நேரம் பார்த்துக் கமால் திருப்பிக் கூப்பிட்டார். ரோட்டோரம் என்பதால் அவர் சத்தம் எங்களுக்கே கேட்டது. "என்ன அண்ணாச்சி, கூப்பிட்டீகளே. வண்டி நின்னுட்டா?"

"நின்னுட்டுன்னு சொல்லுங்க" என்றாள் வேலுத்தாய், போனுக்குக் கேட்கிற மாதிரியே. "ஏன் நின்னுச்சுன்னும் சேத்துச் சொல்லுங்க. பெட்டிக்கு வெயில் காட்டுன கதையையும் விட்டுராதீக."

கமால் கடைக்குச் செருப்பு வாங்க வருகிறவர்களைவிடக் கதை கேட்க வருகிறவர்கள் அதிகம். இசக்கிதுரை ரோட்டை ஒரு பார்வை பார்த்தார், டயரை ஒரு பார்வை பார்த்தார்.

"நிக்கலையே கமாலு. சும்மா காத்து வாங்க எறங்குனோம்... வண்டியா? அதெல்லாம் விக்கதா இல்ல. உன் கண்ணு பட்டுத்தான் எல்லாம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

காதுகுத்துக்கு நேரமாகிவிட்டதால் ஸ்டெப்னி மாட்ட நிற்காமல், முள்ளையும் பிடுங்காமல் காற்றை ஏற்றினாள். பிடுங்கினால் மொத்தமும் போய்விடும். இடையில் இன்னொரு தடவை ஏற்றிக்கொண்டு குளத்தூர் போய்ச் சேர்ந்தோம். பந்தலில் ஆசாரி ஊசியோடு காத்திருந்தார், மாமன் மடிதான் பாக்கி. பிள்ளை அலறிய அலறலுக்கு நடுவே வள்ளிமயில், "என்னண்ணே இவ்வளவு நேரம்? மதினி வண்டி எங்கனயும் நின்னுட்டா?" என்று கேட்டாள்.

"யாரு சொன்னா? எங்கனயும் நிக்கல" என்றார் இசக்கிதுரை. அந்தச் சொல் சொந்தக்காரர்கள் எல்லார் காதிலும் விழுந்தது. இனி அவரே நினைத்தாலும் மாற்ற முடியாது. வேலுத்தாய் எனக்கு எதிரே உட்கார்ந்து இரண்டாம் தடவை கறி வாங்கிச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை முள்ளை எடுத்துப் பஞ்சர் போட்ட கையோடு, விட்டுப்போன வேலையையும் ஆரம்பித்தாள். டிரைவர் பக்கம், கிளீனர் பக்கம் என்று சொல்லிச் சொல்லித்தான் கழற்றினாள். பாதியில் சாப்பிடப் போகும்போது கார் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"பெட்டிக்கு வெயில்?" என்று கேட்டார் இசக்கிதுரை.

"பெட்டியக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு நீங்க வெயில்ல இருங்க."

அவள் சாப்பிட்டு வரும்வரை, நடு முற்றத்தில் நாற்காலி போட்டு மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தார் மனுசர். காதுகுத்துப் பிள்ளையைப் பிடித்திருந்த மாதிரியே பெட்டியை இரண்டு கையாலும் மடியில் பிடித்திருந்தார்.