வேண்டாத விடை

அறுபதுகளின் நடுவில் நான் நெய்வேலியில் கணக்கு டீச்சர். வடக்கே படித்துக்கொண்டிருந்த என் தம்பிக்குக் கல்லூரிக் கம்ப்யூட்டரில் வாரம் ஒருமுறைதான் முறை வரும். அதனால் எழுதிய புரோகிராமை முதலில் எனக்குத் தபாலில் அனுப்புவான். நான் கம்ப்யூட்டர் போலவே பென்சிலால் படிப்படியாகப் போட்டுப் பார்த்துத் தப்பு கண்டுபிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும்.

அந்தத் தடவை வந்தது கம்ப்யூட்டர் மொழிக்குள் ஒரு மொழி. வெளியே இருந்த பெரிய மொழியில் எல்லாமே சார்புகள். உள்ளே கொடுப்பதை வாங்கிக்கொண்டு ஒரு விடை தரும், அவ்வளவுதான். அதற்குள் தம்பி சுரங்கத்துக்கென்று ஒரு குட்டி மொழியைக் குடிவைத்திருந்தான். சுரங்கத்தில் இறங்குகிறவர் தன் எண் பொறித்த டோக்கனை எடுத்துப்போய், மேலே வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். 'டோக்கன் திரும்பி வந்ததா? வந்தால் பதிவு செய். வராவிட்டால் அந்த எண்ணுக்குரியவர் வீட்டுக்குத் தகவல் எழுது.' அந்த 'வந்தால், வராவிட்டால்' கூட அவன் கட்டிய ஒரு சார்புதான்.

பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்காவை உதவிக்கு அழைத்தேன். கம்மாபுரம் பக்கத்துக்காரர். எழுத்து முத்து முத்தாக இருக்கும். தம்பி எழுதியதில் இருந்த ஒவ்வோர் அடைப்புக்குறிக்கும் ஒரு சீட்டு. உள்சீட்டுகள் எல்லாவற்றுக்கும் விடை எழுதி முடித்த பிறகே வெளிச்சீட்டை நான் தொடலாம். பெரிய மொழியின் சட்டம் அது. உதாரணத்துக்கு ஒரு டோக்கன் எண் வேண்டியிருந்தது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண், சுரங்கத்தில் வேலை பார்த்த அக்காவின் கணவர் தன் சாப்பாட்டு டப்பாவில் பொறித்து வைத்திருந்த எண். யோசிக்காமல் அதையே போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அன்று அக்காவின் கணவருக்கு முதல் ஷிஃப்ட். இரண்டு மணிக்கு அது முடிந்து சங்கு ஊதியிருந்தது. அக்கா 'வந்தால்' சீட்டை முடித்துவிட்டு 'வராவிட்டால்' சீட்டை எடுத்தார். வெகுநேரம் எழுதினார். பிறகு நிமிர்ந்தார்.

"டீச்சர், இந்த நம்பருக்கு யார் வூட்டுக்குத் தகவல்னு பாத்தா என் பேருதாங்க வருது."

அவருடைய அழகான கையெழுத்தில், அவர் பெயருக்கே எழுதியிருந்தது: உங்கள் கணவர் மேலே வரவில்லை.

டோக்கன் வந்ததா என்ற சீட்டு இன்னும் விடை எழுதாமல் என் கையிலேயே இருந்தது. கேள்வி கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

"அது வேண்டாத விடைக்கா. தூக்கிப் போட்டுடுங்க."

"வேண்டாதத எதுக்குங்க எழுத வெச்சீங்க?"

மூன்று மணி ஆயிற்று. அக்காவின் கணவர் வரவில்லை. சைக்கிளில் இருபது நிமிட வழிதான். அக்கா வாசலைப் பார்க்கவில்லை, சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருந்தேன். தெருவில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும், தகவல் சொல்ல ஆள் வருகிறதென்றே எனக்குப் பட்டது. அவ்வளவு பயம் அதற்கு முன் நான் பட்டதில்லை.

நாலு மணிக்கு அவர் கணவர் பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். எனக்குத்தான் அழுகை வந்தது. அக்கா எழுந்துபோய் அவருக்குச் சோறு போட்டார்.

உட்கார்ந்த கையோடு தம்பிக்கு எழுதினேன். 'வந்தால், வராவிட்டால் என்ற இரண்டு சீட்டையும் திறந்து கொடுக்காதே. ஒவ்வொன்றையும் உறையில் ஒட்டிக் கொடு. கேள்விக்கு விடை தெரிந்த பிறகு ஒன்றை மட்டும் பிரிக்கட்டும்.'

அக்கா திரும்பி வந்தபோது அந்தச் சீட்டைக் கிழித்துக்கொண்டிருந்தேன். துண்டுகளைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்:

"எங்கூட்டுக்காரரு வந்துட்டாருங்க, சரி. ஆனா அந்தச் சீட்டுல என் பேருல இருக்கற ஒருத்திக்குத் தகவல் போயிடுச்சே. அவ வூட்ல அழுதுகினு கெடப்பாளே. அவகிட்ட யாருங்க போய்ச் சொல்றது?"