ஜாடிக்கு ஒரு கார்டு

கல்யாண வீட்டில் சமையல்காரருக்கு அடுத்தபடியாகத் திட்டு வாங்குகிறவர் யார் என்று கேட்டால், மிட்டாய் மேசை போடுகிற நான் தயங்காமல் கையைத் தூக்குவேன். சாப்பாடு வர நேரமானால் பசியோடு இருக்கிற கூட்டம் என் ஜாடியில்தான் கை விடும். மறுநாள் பிள்ளைக்குத் தொண்டை கட்டினால் பழியும் எனக்குத்தான். மேடை, பூ, மைக் செட், மருதாணி என்று விசேஷ வீடுகளில் ஏதோ ஒன்றுக்குத் தலையைக் கொடுத்துப் பழகியவர்களே, உங்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

என் பெயர் செலின். சிங்கப்பூரில் ஆங் மோ கியோவில் வீடு. எனக்கு இரண்டு மாடி மேலே இருக்கிற சாந்தியும் நானும் கூட்டாகச் செய்கிற தொழில் இது. ஒரு நீள மேசை, வெள்ளை விரிப்பு, பதினைந்து கண்ணாடி ஜாடிகள், ஜாடி நிறைய மிட்டாய். இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். நான் கூடுதலாக ஒன்று செய்கிறேன். ஒவ்வொரு ஜாடிக்கு முன்னாலும் ஒரு குட்டிக் கார்டு வைப்பேன். அந்த மிட்டாய் எங்கே பிறந்தது, யார் கையில் உருவானது என்று அதில் நாலு வரி இருக்கும். நூலகத்தில் உட்கார்ந்து தேடி, இரண்டு இடத்திலாவது ஒரே மாதிரி இருந்தால்தான் எழுதுவேன். செலின் கார்டில் பொய் இருக்காது. இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

சாந்திக்கு அந்தக் கார்டுகளைக் கண்டாலே ஆகாது. தின்ன வருகிறவர்களுக்கு எதற்குச் சரித்திரப் பாடம் என்பாள். வாய்த் தகராறு முற்றி, கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஒரே ஒரு கார்டினால் ஒரே ஒரு புக்கிங் போனாலும், அன்றோடு எல்லாக் கார்டுகளும் குப்பைக்குப் போக வேண்டும். நானும் வீம்புக்குச் சரி என்றேன். வெளியே சிரித்தேனே தவிர, உள்ளுக்குள் பயம்தான். கார்டு இல்லையென்றால் நான் யார்? மிட்டாயைப் பாக்கெட்டிலிருந்து ஜாடிக்கு மாற்றுகிற பெண்பிள்ளை, அவ்வளவுதானே.

பல் டாக்டர் கடைத் திறப்பு

கிளமெண்டியில் ஒரு பல் மருத்துவர் புதிதாக கிளினிக் திறந்தார். நம்ம ஊர்த் தமிழ்ப் பையன், முப்பத்தைந்து வயது இருக்கும். திறப்பு விழாவுக்கு இனிப்பு இல்லாமல் எப்படி என்று அவருடைய அம்மா ஒற்றைக் காலில் நின்றதால் எங்களைக் கூப்பிட்டிருந்தார். போனில் பேசும்போதே சங்கடம். "கொஞ்சமா வைங்க ஆன்ட்டி" என்று நாலு தடவை சொன்னார். அம்மா பக்கத்திலிருந்து பஞ்சு மிட்டாய் மெஷினும் வேண்டும் என்று குரல் கொடுத்தார்.

பஞ்சு மிட்டாய்க்கு என்னிடம் இருப்பது ஒரே கார்டுதான். அந்த மெஷினைக் கண்டுபிடித்த இரண்டு பேரில் ஒருவர் அமெரிக்காவில் பல் டாக்டராக இருந்தவர். உண்மையிலேயே. இதை இந்த இடத்தில் வைக்காதீங்க, கிண்டல் பண்ணுகிற மாதிரி இருக்கும் என்று சாந்தி காதைக் கடித்தாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வந்த விருந்தாளி அம்மா ஒருவர் படித்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் டாக்டரையே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். சாந்தி என்னை முறைத்தாள். டாக்டர் கார்டை இரண்டு முறை படித்தார். அப்புறம் அதை எடுத்து, வரவேற்பு மேசையில் தன் பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தார்.

"இது இங்கயே இருக்கட்டும் ஆன்ட்டி. எங்க ஆளு எவ்வளவு தூரம் யோசிச்சிருக்காரு பாருங்க லா."

பால் மிட்டாயின் தாள்

பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஓர் அண்ணனுக்குப் பிள்ளைகள் சமூக மன்றத்தில் பாராட்டு விருந்து வைத்தார்கள். அவருக்குப் பிடித்தது வெள்ளைப் பால் மிட்டாய், சீனக் கடைகளில் கிடைக்குமே, அதுதான். வெளித்தாளைப் பிரித்தால் உள்ளே மிட்டாயோடு ஒட்டிக்கொண்டு மெல்லிசாக இன்னொரு தாள் இருக்கும். அது அரிசி மாவுச்சத்தில் செய்தது, அப்படியே தின்னலாம், மிட்டாய் கையில் ஒட்டாமல் இருப்பதற்காகச் சுற்றுவது என்று கார்டில் எழுதியிருந்தேன்.

அண்ணன் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்தார். பிறகு ஒரு மிட்டாயை எடுத்து உள்தாளோடு வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். சுற்றி நின்ற சீன நண்பர்கள் எல்லாருக்கும் இந்த விஷயம் சின்ன வயதிலிருந்தே தெரியுமாம். அண்ணன் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே வருத்தம்.

"முப்பது வருஷமா உங்க முன்னாடிதான உக்காந்து நகத்தால சுரண்டிச் சுரண்டி எடுத்தேன், ஒருத்தனாவது வாயத் தொறந்தீங்களா?"

தேவாலயத்துக் கைத்தடி

எங்கள் தேவாலயத்துக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வருஷா வருஷம் நான்தான் மேசை போடுவேன். சிவப்பும் வெள்ளையுமாக வளைந்த மிட்டாய் இல்லாமல் கிறிஸ்துமஸ் ஏது? அது மேய்ப்பனின் கோல், தலைகீழாகப் பிடித்தால் இயேசுவின் பெயரின் ஆங்கில முதல் எழுத்து, சிவப்புக் கோடு சிந்திய இரத்தம் என்று ஊரெல்லாம் ஒரு கதை உண்டு. நானும் தேடித் தேடிப் பார்த்தேன். ஓர் ஆதாரமும் அகப்படவில்லை. கதையை எழுதிவிட்டு, கீழே "இதற்கு ஆதாரம் இல்லை" என்றும் எழுதி வைத்தேன்.

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிற ரீட்டா டீச்சர் அதைப் பார்த்துவிட்டார். அந்தக் கதையைத்தான் அவர் பல வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி, ஆளுக்கொரு மிட்டாயும் கொடுத்து வருகிறார். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. விருந்துக் குழுத் தலைவியும் அவர்தான். அடுத்த வருஷ மேசை அவர் கையில். சாந்தி மேசைக்குப் பின்னாலிருந்து, "போச்சா?" என்று சைகையில் கேட்டாள். டீச்சர் கார்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். அடுத்த வருஷத்துக்கும் எங்களையே சொன்னார், ஆனால் இதையும் சொல்லிவிட்டுத்தான் போனார்:

"ஆதாரம் இல்லைன்னுதான் எழுதியிருக்க, பொய்யின்னு எழுதல. நான் சொல்லிக்கிட்டேதான் இருப்பேன்."

அலுவலகத் தீபாவளி

நகரத்தில் ஓர் அலுவலகத் தீபாவளி. கற்கண்டு ஜாடிக்கு முன்னால் ஒரு சீன மேலாளர் அம்மா ரொம்ப நேரம் நின்றார். ஆங்கிலக்காரர்கள் மிட்டாய்க்குச் சொல்கிற 'கேண்டி' என்ற வார்த்தையே இந்தியாவின் சர்க்கரைக் கட்டிப் பெயரிலிருந்து கிளம்பி, பாரசீகம், அரபு நாடு வழியாக ஐரோப்பா போய்ச் சேர்ந்தது என்று அந்தக் கார்டில் இருக்கும். எங்களுடைய சரக்கு உலகம் சுற்றியதைச் சொல்லி அவரை வியக்க வைக்கலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், அவர் ஒரு கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார்.

"ஆன்ட்டி, திஸ் ஒன் மை மதர் ஆல்வேஸ் புட் இன்சைட் த சூப் லா."

கடற்பாசி மார்ஷ்மெலோ

இத்தனை கண்டம் தாண்டியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் லலிதாம்மா வீட்டு நிச்சயதார்த்தம் வந்தது. ஃபேரர் பார்க் பக்கம் ஒரு மண்டபம். லலிதாம்மா பெண்ணுக்கு அம்மா. பரம்பரை சைவம், முட்டை கூடக் கிடையாது. அவர் போட்ட ஒரே நிபந்தனை அதுதான். நிச்சயம் நல்லபடியாக நடந்தால் கல்யாண வரவேற்புக்கும் எங்களுக்கே தருவதாகச் சொல்லியிருந்தார்.

பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கிற மார்ஷ்மெலோவுக்கு நல்ல சரித்திரம் உண்டு. எகிப்து காலத்தில் சதுப்பு நிலத்துச் செடி ஒன்றின் வேரிலிருந்து செய்தது, தொண்டை வலிக்கு மருந்தாகவும் கொடுத்தது. இப்போது அந்த வேர் போய், மாட்டுத் தோலிலும் எலும்பிலும் எடுக்கிற ஜெலட்டின் வந்துவிட்டது. சைவ வீடுகளுக்கென்று நான் கடற்பாசியில் செய்த மார்ஷ்மெலோ வாங்குவேன், கார்டிலும் "இங்கே இருப்பது கடற்பாசியில் செய்தது" என்று ஒரு வரி சேர்ப்பேன். அந்த வாரம் வழக்கமான கடையில் சரக்கு இல்லை. வேறு கடையில் ஒரு பாக்கெட் எடுத்தேன். ஹலால் முத்திரை இருந்தது. நம்ம ஊரில் எல்லா இனத்தாரும் கலந்து சாப்பிடுகிற விருந்துகளுக்கே மேசை போட்டுப் போட்டு, அந்த முத்திரையைப் பார்த்துவிட்டால் என் மனசு தானாகவே நிம்மதியாகிவிடும். அன்றைக்கும் ஆகிவிட்டது.

மண்டபத்தில் முதலில் வந்தவர் லலிதாம்மாவின் அக்கா. எழுபது வயது இருக்கும், எல்லாரும் பெரியம்மா என்றார்கள். கார்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். கடற்பாசிதானே என்று என்னிடம் ஒரு தடவை கேட்டார். "கண்ண மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க" என்றேன். இரண்டு சாப்பிட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு திரும்பி வந்து, இத்தனை வயசுக்கு இதுதான் முதல் தடவை, ரொம்ப நல்லா இருக்கு என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு மாப்பிள்ளை வீட்டுப் பையன் ஒருவன் வந்தான். அவன் மனைவியும் சைவமாம், எந்தக் கம்பெனி என்று கேட்டான். ஆகா, இதோ காட்டுகிறேன் என்று மேசைக்கு அடியில் குனிந்து காலிப் பாக்கெட்டை எடுத்தேன். பின்பக்கம், எறும்பு மாதிரி எழுத்தில், மாட்டு ஜெலட்டின் என்று இருந்தது. ஹலால் என்றால் சைவம் என்று அர்த்தம் இல்லையே. குனிந்தவள் நிமிரவில்லை.

சாந்தியும் குனிந்து பார்த்தாள். ஜாடியை எடுத்து மூடி மேசைக்குக் கீழே வைத்தாள், கார்டைத் தன் பைக்குள் போட்டாள். யாருக்கும் தெரியாது அக்கா, பேசாம இருங்க, கல்யாணம் இருக்கு என்று முணுமுணுத்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், பேசாமல் இருந்துவிடத்தான் நானும் நினைத்தேன். சொன்னால் வரவேற்பு போகும், அதோடு கார்டுகளும் போகும். ஆனால் எதிரே பெரியம்மா யாரிடமோ எங்கள் மேசையைக் கை காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுதியதை நம்பி ஒரு மனுஷி வாயைத் திறந்திருக்கிறார். அதை மறைத்துவிட்டு இனி எந்தக் கார்டை எந்த முகத்தோடு எழுதுவது?

பையனிடம் இதை வாங்காதே என்று சொல்லி அனுப்பினேன். லலிதாம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பாக்கெட்டைக் காட்டினேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. யார் யார் சாப்பிட்டார்கள் என்று மட்டும் கேட்டார். மாப்பிள்ளை வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகள், அவர்கள் அசைவம்தான். இந்தப் பக்கம் பெரியம்மா ஒருவர்தான். வரவேற்புக்கு வர வேண்டாம் என்றார் லலிதாம்மா, சத்தம் போடாமல். அக்காவிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்றும் சொல்லிவிட்டார்.

சொன்னேன். பெரியம்மா காலடியில் உட்கார்ந்துதான் சொன்னேன். அவர் கையிலிருந்த தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"தின்னதுக்கு நான் தலை முழுகிட்டு சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்குவேன்மா. நல்லா இருக்குன்னு உன்னத் தேடி வந்து சொன்னேன் பாரு, அத நான் எப்படித் திருப்பி வாங்குறது?"

ஒப்பந்தப்படி

மறுநாள் காலையில் மிச்சக் கார்டுகள் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு எடுத்துக்கொண்டு சாந்தி வீட்டுக்கு ஏறினேன். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். உன் கையாலேயே குப்பையில் போடு என்று நீட்டினேன். பெரியம்மா சொன்னது இரவெல்லாம் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அழுகையும் வந்துவிட்டது, மறைக்கவில்லை.

சாந்தி டின்னை வாங்கி, ஒவ்வொரு கார்டாக எடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். இத்தனை வருஷத்தில் அவற்றை அவள் முழுசாகப் படித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். தன் பையிலிருந்த மார்ஷ்மெலோ கார்டை மட்டும் எடுத்து நாலாகக் கிழித்தாள். மற்றவற்றை அடுக்கித் திரும்ப டின்னில் வைத்தாள். எனக்குக் கோபம்கூட வந்தது, பரிதாபப்பட்டுத் தருகிறாளோ என்று. அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

"அந்தம்மா பாக்கெட்டக் கேக்கல, கார்டப் படிச்சுட்டுத்தான் தின்னாங்க. அவ்வளவு நம்புறாங்கக்கா. நீங்க எழுதுங்க, ஆனா இனிமே எந்தப் பாக்கெட்டையும் நான் படிக்காம நீங்க பிரிக்கக் கூடாது."

ஆக, மிட்டாயின் எகிப்து காலத்துச் சரித்திரமெல்லாம் இன்றைக்கும் எனக்கு அத்துப்படி, பாக்கெட்டின் பின்பக்கத்தில் இருக்கிற போன வாரத்துச் சரித்திரத்தை மட்டும் சாந்தி பார்த்துக்கொள்கிறாள்.