டிக் என்றதோடு நின்ற எஞ்சின்

சாவியைத் திருப்பியதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். எண்ணூர் முகத்துவாரத்தில் ஊரே பார்த்துக்கொண்டு நிற்க, அண்ணி உட்கார்ந்திருந்த ஃபைபர் போட்டின் எஞ்சின் அதற்குமேல் அசையவில்லை. இரண்டாம் முறையும் டிக். கரையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அண்ணன் மாரடைப்பில் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. போட்டைத் தானே ஓட்டப்போவதாக அண்ணி சொன்னதும் எல்லாரும் எகிறினார்கள். பெண் கால் வைத்த போட்டில் மீன் ஏறாதாம். அதே மீனைக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்கிற கால்களுக்கு மட்டும் தீட்டில்லையாம், என்ன நியாயமோ. கடைசியில் பெரியப்பா ஊர்க் கூட்டத்தில் ஒரு முடிவு சொன்னார். முகத்துவாரம் தாண்டி ஒரு சுற்றுப் போய்த் திரும்பினால் போட் அவளுக்கு, முடியாவிட்டால் அவருக்கு. போட் கைவிட்டுப் போனால் அண்ணியும் இரண்டு பிள்ளைகளும் அவர் தயவில்தான் நிற்கவேண்டும். அது தெரிந்தும் அண்ணி சரி என்றாள்.

முந்தின நாள் பெரியப்பா வீட்டுக்கு வந்தார். சார்ஜ் ஏற்றிய பேட்டரி கூடத்தில் இருந்தது. “பொம்பள ஏறப்போற போட்டு. தீட்டு ஒட்டாம இதுக்கு நல்லா சந்தனம் பூசி வைம்மே” என்று என்னிடம் சொன்னார். ஆயுத பூஜைக்குச் செய்வதுதானே என்று ஓர் இடம் விடாமல் பூசினேன். அண்ணிக்கு ஒரு கெடுதலும் வந்துவிடக்கூடாது என்ற பயம் எனக்கு. காலையில் அவரே அதைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டினார். வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். அவ்வளவு எஞ்சின் ஞானம் அவருக்குக் கிடையாது.

அண்ணிக்கு உண்டு. அண்ணன் எஞ்சினைப் பிரிக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். அந்த எஞ்சினில் இழுத்துக் கிளப்பக் கயிறு இல்லை, சாவி மட்டுந்தான். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தாள். இருந்தது. மூடியைக் கழற்றி ஃப்யூஸை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். கம்பி அறுந்திருக்கவில்லை.

“ஏறுனது பொம்பளன்னு எஞ்சினுக்கே தெரிஞ்சிபோச்சு. எறங்கி வாம்மா” என்றார் பெரியப்பா.

அண்ணி நிமிரக்கூட இல்லை. வயரைத் தடவிக்கொண்டே பேட்டரி வரை வந்தவள், அதன் முனையில் மாட்டியிருந்த கிளிப்பைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். அது சுட்டது. கழற்றினாள். உள்ளே காய்ந்து இறுகிப்போன சந்தனம். விரலில் எடுத்து மோந்து பார்த்துவிட்டுக் கரையில் நின்ற என்னைப் பார்த்தாள். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

“எஞ்சினுக்கு ஆம்பள, பொம்பளலாம் தெரியாது மாமா. கரண்டு போற எடத்துல சந்தனம் பூசிக்கீது. என் கால்ல தீட்டு கீதுன்னீங்க. வண்டிய நிறுத்துனது உங்க பூசைதான்.”

புடவையிலிருந்த ஊக்கைக் கழற்றிச் சுரண்டினாள், முந்தானையால் துடைத்தாள், கிளிப்பை இறுக்கினாள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பியது. புகை கரைப்பக்கம்தான் வந்தது.

அவள் உடனே போகவில்லை. என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

“வாம்மே, ஏறு. ஒருத்தி கால் வெச்சா மீன் ஏறாதாம். ரெண்டு பேராப் போய்ப் பாக்கலாம்.”

பெரியப்பா “ஏய்” என்றார். நான் சேற்றுக் காலோடு ஏறினேன்.

இப்போது காட்டுப்பள்ளிப் பக்கம் வலை விட நானும் அவளோடு போகிறேன். பெரியப்பா எங்களைக் கண்டால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பிக்கொள்ளட்டும். போட் அண்ணி பேரில் இருக்கிறது.