வெறுங்குழாயின் கோடு

பேராதனை ஆய்வுக்கூடத்தில் பட்டத்துக்கு ஆய்வு செய்த ஒரு அக்காவுக்கு ஒரு கிழமை துணையாக இருந்தேன். மெலிந்த யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான். புத்தகம்போல் அடுக்கடுக்கான குறைகடத்திப் பளிங்கை ஒட்டுநாடாவால் உரித்து, துணுக்கைக் குழாயிலிட்டுக் காந்தத்துக்குள் வைப்பார். பளிங்கில் இரும்பு கலந்திருந்தால் திரையில் ஒரு கோடு எழும்பும். கோடு போன வருஷமே எழும்பிவிட்டது. பளிங்கைத் திருப்பினால் அதுவும் நகர வேண்டும், நகர்ந்தால்தான் இரும்பு பளிங்குக்குள் இருப்பது உறுதி, பட்டமும் உறுதி. வெள்ளிக்கிழமையோடு வேலையிடத்தில் அவர் எடுத்த படிப்பு லீவும் முடிகிறது.

ஒவ்வொரு தடவை திருப்பும்போதும், "அசையடா ராசா" என்று பளிங்கைக் கெஞ்சுவார். அது அசையவில்லை.

சொந்த ஆய்வையே ஒப்பேற்றத் தெரியாத நான், அவரைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன்.

"நம்ம மூஞ்சி மாதிரிதான்க்கா, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே லட்சணம். வெறுங்குழாயப் போட்டாலும் இப்படித்தான் நிக்கும்."

அவர் சிரிக்கவில்லை. இரும்பு கலவாத குவார்ட்ஸ் குழாய் போன வருஷம் உடைந்த நாளிலிருந்து சாதாரணக் கண்ணாடிக் குழாயைத்தான் பாவித்திருக்கிறார். துணுக்கை வெளியே எடுத்துவிட்டு, வெறுங்குழாயை உள்ளே வைத்தார். அதே இடத்தில் அதே கோடு வந்து நின்றது. இரும்பு பளிங்கில் இல்லை, குழாயின் கண்ணாடியில் இருந்திருக்கிறது.

வாழ்க்கையில் நான் சொன்னதில் பலித்தது அது ஒன்றுதான்.

"கெலிஓயா பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்குக்கா, வாங்க, டீ குடிச்சிட்டுப் போவோம்" என்றேன்.

"ஓம் தம்பி, நீங்க போங்கோ. நான் ஒருக்காத் திருப்பிப் பாத்திட்டு வாறன்."

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். பளிங்குத் துணுக்கு மேசையில் கிடந்தது. அவர் வெறுங்குழாயை மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அசையடா ராசா."